காது வெட்டிய கோம்பை நாய்

கோம்பையில் சுருளிவேல் வீட்டு நாயை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும். சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்த ஒருவர் ஒரு முறை கேட்டுவிட்டு, குடிக்கக் கொடுத்த மோரைக்கூட முடிக்காமல் எழுந்து போக வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் குட்டி போட்டால் கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் கொண்டான் கொடுத்தான் உறவில் யாராவது ஒருவருக்குப் போகும். புதுக் கயிற்றில் மஞ்சள் தடவிக் கட்டி, வெற்றிலை பாக்கோடு கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர் அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வேண்டியவர். நல்லது கெட்டதுக்கு ஆள் விட்டுச் சொல்லியாக வேண்டும்.

கண் திறந்த குட்டிகளின் இடது காது நுனியில் ஒரு சின்னத் துண்டை வெட்டிவிடுவது அவர்கள் வழக்கம். மலையில் வேட்டைக்குப் போன காலத்தில், இது எந்த வீட்டு நாய் என்று பார்த்தவுடன் தெரிவதற்காக வைத்த அடையாளம். வேட்டை போய்விட்டது. காது வெட்டுவதை மட்டும் சுருளிவேல் விடவில்லை. இன்றைக்கும் அவர் கையால்தான் வெட்டுவார்.

அப்படிப்பட்ட காது ஒன்று ஒச்சாண்டியின் போனில் வந்து நின்றது.

ஒச்சாண்டி திராட்சை வியாபாரியின் ஆள். கொடி எப்போது வெட்டுக்கு வரும் என்று பார்த்துப்போக சுருளிவேலின் தோட்டத்துக்கு வந்தவன், பந்தலுக்கு அடியில் குனிந்தபடியே போனை நீட்டினான்.

"மாமா, கோவிச்சுக்கிடாதீக. இது ஒங்க வீட்டுக் காது மாதிரி இல்ல?"

கம்பி வலைக்குப் பின்னால் ஒரு செவலைப் பெட்டை. கறுத்த மூஞ்சி, இறங்கிய நெஞ்சு, இடது காதில் வெட்டு. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை ஒச்சாண்டியே படித்துக் காட்டினான். பெரியகுளம் பக்கம் மாந்தோப்பில் கிடைத்தது; காது வெட்டிய தெருநாய்; யாராவது வளர்த்தது என்றால் தேனி பிராணிகள் காப்பகத்துக்கு வரவும்; வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிடித்த இடத்திலேயே விடப்படும்.

"தெருநாயா?" என்றார் சுருளிவேல்.

"அப்படித்தான் போட்டிருக்காக. நம்ம ஊர் குரூப்புல காலையில இருந்து இதே பேச்சுத்தான். தேவதானப்பட்டிக்குக் குடுத்த நாய்தான்னு ராக்கப்பன் அடிச்சுச் சொல்றான். சம்பந்தகாரக பத்திவிட்டுட்டாகன்னு எழுதிட்டான்."

"எவன் கேட்டான் அவன?"

"யாரும் கேக்கல. அவனா எழுதுனான்."

சுருளிவேலின் ஒரே மகள் மகாலட்சுமியை தேவதானப்பட்டியில் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணம் முடிந்த கையோடு, அப்போது வீட்டு நாய் போட்ட ஈத்தில் பிறந்த ஒரு பெட்டைக் குட்டியும் கூடப் போனது. சம்பந்தி சின்னக்கருப்பு பெரிய விவசாயி. சத்தமாகப் பேசுகிறவர், சட்டென்று முறுக்கிக்கொள்கிறவர். போன வருஷம் குலசாமி கும்பிடும்போது யாருக்கு முதலில் மாலை போடுவது என்பதில் முன்னே பின்னே ஆகிவிட்டது. சின்னக்கருப்பு கறிச்சோற்றில் கை வைக்காமல் எழுந்து வண்டியேறினார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து மகளுடைய போன் வழியாக மட்டும்தான்.

கொடுத்த நாயைப் பத்திவிடுவது என்றால் அது நாயோடு முடிகிற காரியமில்லை. கொடுத்த வீட்டையே வாசலுக்கு வெளியே தள்ளியது மாதிரி. அந்த வீட்டில் தன் மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். ஊர் கேட்பதற்கு முன்னால் தானே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று சுருளிவேல் முடிவு செய்தார். மகளுக்குப் போன் போட்டுக் கேட்க மனம் வரவில்லை. கேட்டால் பெண் கண்ணைக் கசக்குவாள், இல்லாவிட்டால் மாமனாருக்காகப் பேசுவாள். இரண்டையும் போனில் கேட்க அவர் விரும்பவில்லை.

மகன் சுரேஷ்கண்ணன் உத்தமபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறான். மறுநாள் காலையில் அப்பா வெளுத்த வேட்டி எடுத்துக் கட்டுவதைப் பார்த்ததும் இட்லித் தட்டை விட்டு எழுந்தான்.

"விடுங்கப்பா. காது வெட்டுன நாய் ஊருக்கு நூறு கெடக்கு. கருத்தடை பண்ணிட்டு அடையாளத்துக்குக் காதத்தான் வெட்டிவிடுறாக. அந்த மாதிரி ஏதாவது இருக்கும்."

"அவுக வெட்டுறதும் நான் வெட்டுறதும் ஒண்ணாடா?"

"போட்டோவுல பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்."

"அதான் நேர்ல போறேன்."

மகன் தட்டில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினான்.

காப்பகம் தேனியைத் தாண்டி, பெரியகுளம் சாலையில் ஒரு பழைய அரிசி ஆலைக்குள் இருந்தது. நெல் காயப்போட்ட களத்தில் கூண்டுகளும் தகரக் கொட்டகையும். அதை நடத்துகிறவர் ஜெபஷீலா. தேனி கடைவீதியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் பால் புட்டியும் ஒரு கையில் பூனைக்குட்டியுமாக வந்து, "உக்காருங்கய்யா" என்றார். சுருளிவேல் உட்காரவில்லை.

"அந்த நாயத் தெருநாய்னு எழுதுனது யாரு?"

"எங்க பசங்கதான் எழுதுனாக. காது வெட்டியிருந்துச்சுல்ல. கருத்தடை பண்ணுன தெருநாய்க்கு எடது காதுலதான் வெட்டுறது."

"பண்ணியிருக்கா அதுக்கு?"

ஜெபஷீலா பால் புட்டியைக் கீழே வைத்தார். "இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. எங்களுக்கும் அது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் இத்தனை நாய்க் கூட்டத்துல மறந்துட்டோம்."

கூண்டருகே கூட்டிப்போனார்கள். நாய் எழுந்து வந்து வலையோரம் நின்றது, குரைக்கவில்லை. சுருளிவேல் நெஞ்சைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய்க் காதைப் பிடித்தார். கண் திறந்த பருவத்தில் வெட்டி, காயம் ஆறி, விளிம்பில் முடி மூடியிருந்தது. சாய்வாக, உள்பக்கம் கொஞ்சம் இறங்கிய வெட்டு. தன் கையெழுத்தை ஒருவன் அடையாளம் கண்டுகொள்வது மாதிரி அவருக்கு அது தெரிந்தது.

"எங்க வீட்டு நாய்தான்" என்றார்.

"பேரு என்னங்கய்யா? கூப்பிட்டுப் பாருங்க."

"பேரெல்லாம் கெடையாது. 'ந்தா'ன்னா வரும்."

"கூப்பிடுங்களேன்."

"ந்தா" என்றார் சுருளிவேல். நாய் ஜெபஷீலாவின் கையிலிருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வரலையேய்யா."

"கட்டிக்குடுத்த எடத்துக்குப் போன நாயி. நம்ம பேச்சு மறந்திருக்கும்."

ஜெபஷீலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். காகிதத்தில் 'எங்கள் வீட்டு நாய்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, நாயையும் அவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்.

"ஒண்ணு சொல்லிர்றேன். வேற யாராவது போட்டோ, ஆதாரம்னு வந்து கேட்டா, நீங்க திருப்பிக் கொண்டுவரணும். விசாரிச்சுத்தான் முடிவு பண்ணுவோம்."

"எங்க நாய்க்கு எவன் வரப்போறான்?"

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. போன மாசம் ஒரு பூனைக்கு மூணு வீட்டுக்காரக வந்தாக. மூணு பேருமே சோறு போட்டிருக்காக. அது மூணு வீட்டுலயும் தின்னுருக்கு."

நாயைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். காப்பகத்துக்குத் தவிட்டு மூட்டை இறக்க வந்த குட்டியானை வண்டிக்காரன் அம்மாவாசியை வாடகைக்குப் பேசினார்.

"கோம்பைக்குத்தான பெருசு?"

"இல்ல. தேவதானப்பட்டிக்கு விடு."

வழியெல்லாம் அவர் பேச வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தார். வாசலில் நாயை நிறுத்த வேண்டும். உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. வேண்டாமென்றால் சொல்லியனுப்பியிருக்கலாமே சம்பந்தி, ரோட்டில் விடுகிற அளவுக்கு எங்கள் வீடு என்ன குறை வைத்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் வரும்வரை நிற்க வேண்டும். பெரியகுளம் தாண்டும்போது அந்தக் கேள்வி நன்றாகத் தேய்ந்து கூராகியிருந்தது.

சின்னக்கருப்பு வீட்டு வாசலில் வண்டி நின்றதும், டிராக்டருக்குப் பின்னாலிருந்து ஒரு செவலைப் பெட்டை குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. கொழுத்து, முதுகு பளபளத்து, இடது காதில் வெட்டோடு. வண்டிக்குள் இருந்ததும் அதுவும் ஒன்றையொன்று பார்த்து உறுமின. ஒரே அச்சு.

சுருளிவேல் அடுக்கி வைத்திருந்த பேச்சு அத்தனையும் நெஞ்சுக்குள்ளேயே நின்றுபோனது.

களத்தில் கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த சின்னக்கருப்பு எழுந்தார். "வாங்க சம்பந்தி. ஒரு வருசம் கழிச்சு வாரீக. வெறுங்கையோட வரலையே. இன்னொரு நாயா?"

"சும்மா... இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் சுருளிவேல்.

"நாயோடவா?"

அதற்குள் அம்மாவாசி பின்கதவைத் திறந்துவிட்டான். நாய் குதித்து இறங்கி, நேரே கட்டிலுக்குப் போய், முறுக்குத் தட்டுக்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. சின்னக்கருப்பு அதைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டுச் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"கை குடுக்குது."

சுருளிவேல் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"நான் வச்சிருக்கது போன வாரம்கூட ஒருத்தன் கெண்டக்காலக் கவ்விருச்சு. இது கை குடுக்குது. கோம்பையில இப்ப இப்படித்தான் பழக்குறீகளா சம்பந்தி?"

சுருளிவேல் தலைமுறையில் மட்டுமில்லை, அப்பன் பாட்டன் காலத்திலும் அந்த வீட்டு நாய் எவனுக்கும் கை கொடுத்ததில்லை. இதை யாரோ மடியில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். யார் என்பதற்கு சொம்பில் தண்ணீரோடு வந்த மகாலட்சுமி பதில் சொன்னாள்.

"அப்பா, இது பெரியகுளம் பஸ் ஸ்டாண்டு போஸ்டர்ல இருக்க நாயில்ல?"

"என்ன போஸ்டர்?"

"காணோம்னு ஒட்டியிருக்காக. காதப் பாத்துட்டு நானே படம் எடுத்தேன்." போனைத் தேய்த்துக் காட்டினாள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இந்த நாய். பெயர் புஜ்ஜி, கோம்பை வகை, கண்டவர்கள் மாரீஸ்வரிக்குத் தகவல் சொல்லவும் என்று போட்டு ஒரு போன் நம்பர். "நம்ம வீட்டு நாய் மாதிரியே இருக்கேன்னு தம்பிக்கு அன்னைக்கே அனுப்புனேன். அவன் ஒங்ககிட்ட சொல்லலையா?"

"புஜ்ஜியா?" என்றார் சின்னக்கருப்பு. நாய் அவரை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது.

சுருளிவேல் தண்ணீரை வாங்கிக் குடித்தார். குடிக்கக் கூடாது என்று வந்தது நினைவில் இல்லை. பிறகு டிராக்டருக்கு அந்தப் பக்கம் போய் மகனுக்குப் போன் போட்டார்.

"மகாலட்சுமிக்குக் குடுத்த ஈத்துல ஒரு குட்டி செத்துப்போச்சுன்னு சொன்னியே. எங்கன பொதச்ச?"

அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ குழாய்க்கு மூடி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குறேன்ல. எங்கனடா?"

"அப்பா... ஒரே ஒரு குட்டிதான்ப்பா."

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகன் குட்டியை விற்ற விஷயம் தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர், அவரும் மகனும். நாயை வண்டியில் ஏற்றிக் கோம்பைக்குக் கொண்டுபோனால், சுருளிவேல் போய்த் தன் வீட்டு நாயை மீட்டுக்கொண்டு வந்தார் என்று ஊர் பேசும். மகன் வாயைத் திறக்க மாட்டான். போஸ்டரும் ஒரு மழையில் கிழிந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டு நாய் என்று கையெழுத்துப் போட்டது அவர். வேறு யாராவது கேட்டு வந்தால் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றதைக் கேட்டுக்கொண்டு நாயைக் கூட்டி வந்ததும் அவர். சொன்ன சொல்லில் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. தவிர, ஒரு தப்பும் செய்யாத மனிதனின் வாசலில் கேள்வி கேட்க வந்து நிற்கிறார். அது அவரை வேறு எதையும்விட அதிகமாகக் குடைந்தது.

"அந்தக் காப்பகத்துக்குப் போன் போட்டுக் குடும்மா" என்றார் மகளிடம்.

ஜெபஷீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாயோடு நேரில் வந்துவிடுங்கள், போஸ்டரில் இருக்கும் பெண்ணையும் வரச் சொல்கிறேன் என்றார். சின்னக்கருப்பு துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"நானும் வாரேன். தேனியில எனக்கும் ஒரு சோலி இருக்கு."

அவருக்குத் தேனியில் எந்தச் சோலியும் இல்லை என்பது மகாலட்சுமிக்குக்கூடத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல சுருளிவேலிடம் காரணம் இல்லை. இருவரும் அம்மாவாசிக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியகுளம் வரை மழையைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியும் பேச்சு. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

மாரீஸ்வரி முன்னாலேயே வந்து காத்திருந்தாள். மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் இறந்தபின் தோப்பு வீட்டில் தனியாகக் காவலுக்கு இருக்கிறாள். சேலையில் மாம்பால் கறை. "புஜ்ஜி" என்று ஒரு தரம்தான் கூப்பிட்டாள். சுருளிவேலின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனதே தெரியவில்லை. நாய் அவள் தோளில் இரண்டு காலையும் போட்டு, ஊளையும் இல்லாத குரைப்பும் இல்லாத ஒரு சத்தம் போட்டது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபஷீலா அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அக்கா, நீங்க போன்ல கேட்டப்ப கோம்பை நாய்னு சொன்னீக. எங்க பசங்க தெருநாய் ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லிட்டாக. அது எங்க தப்பு. ஆனா இப்ப வேற ஒண்ணு இருக்கு. ஐயா எங்க வீட்டு நாய்னு எழுதிக் குடுத்திருக்காக. அந்தக் காது அவுக வெட்டுனதுதான், அதுல சந்தேகம் இல்ல. நீங்க யார்கிட்ட வாங்குனீக?"

"உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல ஒரு தம்பி பையில வச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. மண்டிக்கு வர்ற ஒருத்தர் சொல்லி ஏற்பாடு. அந்தத் தம்பி பேரு சொல்லல. எங்கயும் சொல்லாதீகன்னு மட்டும் சொல்லுச்சு."

ஜெபஷீலா சுருளிவேலைப் பார்த்தார். "திருட்டுப் போனதாங்கய்யா?"

மாரீஸ்வரியின் கை நாயின் கழுத்தில் அப்படியே நின்றது. "திருட்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது." கயிற்றின் நுனியைத் தேடி எடுத்துத் தரையிலிருந்தபடியே நீட்டினாள். "திருட்டுப் பொருளுன்னா வச்சிருக்க மாட்டேன். கொண்டுபோயிருங்கய்யா. வேட்டுச் சத்தம் கேட்டா ஓடிரும். அப்படித்தான் ஓடுச்சு. அத மட்டும் பாத்துக்கங்க."

"திருட்டுத்தாம்மா, வேறென்ன" என்றார் சின்னக்கருப்பு. "சம்பந்தி வீட்டுல நாய விக்க மாட்டாக. எனக்கும் அவுகளுக்கும் ஆயிரம் இருக்கும். அதுக்காக இல்லாதத நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுல எவனும் விக்க மாட்டான்."

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். சுருளிவேல் தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. ஜெபஷீலா பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

சுருளிவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, மறுபடி மடித்துப் போட்டுக்கொண்டார்.

"திருட்டுப் போகல" என்றார். "அந்தத் தம்பி எம் மகன். சுரேஷ்கண்ணன். அவன்தான் வித்தது."

சின்னக்கருப்பு பூனைக் கூண்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார்; ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தார். ஜெபஷீலா காகிதத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதி, அவரிடம் நீட்டினார். சுருளிவேல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப நான் கூட்டிட்டுப் போகலாமாய்யா?" என்றாள் மாரீஸ்வரி.

"ஒன் நாயி. என்னய எதுக்குக் கேக்குற?"

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவளுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. "கை குடுக்க நான்தான் பழக்குனேன். தப்புன்னா..."

"பழக்கிட்ட. இனி என்ன செய்ய?" என்றார் சுருளிவேல். "வேட்டுக்குப் பயப்படாம இருக்கவும் பழக்கு. எங்க வீட்டு நாய் வேட்டுக்கு ஓடுனதில்ல."

வெளியே வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒச்சாண்டிக்குப் போன் போட்டார்.

"குரூப்புல ஒண்ணு எழுது. தேவதானப்பட்டிக்குக் குடுத்த நாய் தேவதானப்பட்டியிலதான் இருக்கு. கண்ணால பாத்தேன். காப்பகத்துல கெடந்தது எங்க வீட்டுல இருந்து வித்த நாயி."

"வித்ததா? யாரு மாமா வித்தது?"

"எம் மகன்."

"மாமா, அதயும் போடணுமா? நாய் கெடச்சிருச்சுன்னு மட்டும் போட்டுட்டா முடிஞ்சுபோகும்ல."

"சம்பந்தி பேர எழுதுனீகல்ல. எம் மகன் பேரயும் எழுது."

போனை அணைத்துவிட்டுத் திரும்பினார். சின்னக்கருப்பு வண்டிக் கதவைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றிருந்தார்.

"எம் பேரா?" என்றார் அவர். "எம் பேர எதுக்கு எழுதுனாக? என்னன்னு எழுதுனாக?"

அம்மாவாசி வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். கோம்பைக்கு ஒரு பக்கம், தேவதானப்பட்டிக்கு ஒரு பக்கம்.

"மொதல்ல இவுகள வீட்டுல விடு" என்றார் சுருளிவேல் அவனிடம். பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "ஏறுங்க. போற வழியில சொல்றேன்."